பச்சையப்பனின் இரண்டு முன்பற்கள்

என் கொழுந்தன் பச்சையப்பனுக்குப் பல்வலி. ஆரணியில் எங்களைத் தெரிந்த அத்தனை பேருக்கும் நாங்கள் சொல்லிவைத்திருப்பது இதுதான். பொய் என்று எங்களை யாரும் பிடிக்க முடியாது. பல் வலிக்கத்தான் செய்தது. ஏன் வலித்தது என்று யாராவது கேட்டிருந்தால்தான் எங்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. பல்வலி என்று சொன்ன உடனே ஒவ்வொருவரும் தங்கள் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கிராம்பு வை, உப்புத் தண்ணீரில் கொப்பளி, கொய்யா இலையை மெல்லு என்று வைத்தியமும் சொல்லி அனுப்புவார்கள். குடும்ப மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிடத் தோதான வியாதி கிடையாது.

நான் ஹேமலதா, அந்த வீட்டு மூத்த மருமகள். நான் வாழ வந்த அன்று பச்சையப்பன் பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தான். வெளியே இழுத்துப் போட்டுச் சோறு வைத்தவள் நான். அதனால் அவனைத் திட்டும் உரிமை இன்று வரை என்னிடம் இருக்கிறது. அதை நான் வீணாக்கியதே இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டாக்டர் கிரணின் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். டோக்கன் கொடுப்பேன், கருவிகளைக் கழுவி வைப்பேன், டாக்டர் வேலை செய்யும்போது நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பேன். ஊர்க்காரர்களை முகத்தை வைத்து அடையாளம் தெரிவதைவிட வாயை வைத்து எனக்கு நன்றாகத் தெரியும்.

பச்சையப்பன் பாவு பிணைக்கிறவன். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத் தொகுதிதான் பாவு. ஒரு பாவு நெய்து தீரப்போகும் சமயத்தில், பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள். விரலில் சாம்பல் தொட்டு இரண்டு இழையைச் சேர்த்து ஓர் உருட்டு உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். இடம் மாறிப் போனால் சேலை நெடுகக் கோடு விழும். மற்றவர்கள் அடுத்து எடுக்க வேண்டிய இழைக் கொத்தைக் கயிற்றில் மாட்டிப் பக்கத்தில் கட்டிக்கொள்வார்கள். பச்சையப்பன் மட்டும் அதை முன்பல்லில் கவ்விக்கொள்வான். நாக்கு நுனி ஓர் இழையைத் தள்ளிக் கொடுக்கும், கை வாங்கிக்கொள்ளும். யாரும் அவனுக்கு இதைக் கற்றுத்தரவில்லை, அவனைப் பார்த்து யாருக்கும் இது வரவும் இல்லை. இரண்டு கைக்காரர்கள் நடுவில் அவனுக்கு மூன்று கை. முகூர்த்த மாதம் வந்தால் தறிக்காரர்களின் முதல் போன் அவனுக்குத்தான்.

மேலே இருக்கும் அந்த இரண்டு முன்பற்கள்தான் அவன் தொழில். அவை போனால் அவனும் கயிற்றில் கொத்தைக் கட்டிக்கொண்டு உட்காரும் பத்துப் பேரில் ஒருவன். அதுவும் கயிற்றுப் பழக்கமே இல்லாத பத்தாமவன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில் மூன்று தறி வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். யாருக்கும் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அரிசி மில்லுக்கு லாரி ஓட்டும் தசரதன் அவனுடைய சிநேகிதன். அவன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதற்கு முறையான பெயர் ஒன்று உண்டு, அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. லாரிக்காரர்கள் அதை 'முழிப்பு' என்பார்கள். மூன்று தறியையும் பச்சையப்பன் கண் மூடாமல் முடித்தான். தறி முதலாளி வேணுகோபால் அவன் தோளைத் தட்டி, "நீ ஆளு இல்லடா, மிஷினு" என்று சொன்னாராம். அந்தப் பாராட்டை வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனான். நாங்களும் பூரித்தோம். என் வீட்டுக்காரர், தன் தம்பியின் உழைப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பிரசங்கமே செய்தார்.

முதலில் வற்றியது எச்சில். அந்த மாத்திரை வாயைக் காயவைத்துவிடும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இழையைத் தள்ள மறுத்தது. அதற்கு அவன் கண்டுபிடித்த மருந்து கலர். ஆரஞ்சுக் கலர், திராட்சைக் கலர், எது கிடைத்தாலும் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒவ்வொரு வாயாக நனைத்துக்கொண்டிருந்தான். பாவு பிணைக்க வந்தவருக்கு நேரத்துக்கு ஒன்று குடிக்கக் கொடுப்பது தறி வீட்டு மரியாதை. சர்க்கரை குறைவாகப் போட்டால் கஞ்சத்தனம் என்று ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் பாகு மாதிரி டீ. ஊரே சேர்ந்து மரியாதையாக அவன் பல்லைக் கரைத்தது.

அடுத்து வந்தது பல் கடிப்பு. அவன் மனைவி பானுப்ரியா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள், அதிகம் பேசாதவள். ஒருநாள் என்னிடம், "அக்கா, இவரு தூங்கறதே கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரமும் பல்ல நறநறன்னு கடிச்சிகினே கெடக்கறாரு. என் மிஷின் சத்தமே தேவல" என்றாள். பூச்சி இருக்கும், மருந்து கொடு என்றேன். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் சொன்ன வைத்தியம் அது.

போன வருடம் பொங்கல் கழிந்து அவன் கன்னம் பூரி மாதிரி உப்பியது. டோக்கன் கொடுக்காமல் நேரே உள்ளே இழுத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். கீழ்க் கடைவாய்ப்பல் கருத்து, பாதி கரைந்து, வேரில் சீழ் வைத்திருந்தது. டாக்டர் கிரண் சின்ன வயதுக்காரர், மெதுவாகத்தான் பேசுவார். மரத்துப்போகும் ஊசியை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"வேற ஏதாவது மருந்து, மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்ல சார். டீதான்."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவன் கையில் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"டீ குடிச்சா இப்படி ஏறாது. பச்சையப்பன், நான் போலீஸ் இல்ல. இந்த ஊசியில இருக்கிற மருந்தும், நீங்க போட்டிருக்கிறதும் சேர்ந்தா நெஞ்சு தாறுமாறா அடிக்கும். பல்லு பிடுங்க வந்தவரை நான் ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பக் கூடாது. உண்மையச் சொல்லுங்க."

பச்சையப்பன் கண்ணை என் பக்கம் திருப்பினான். "அண்ணி இருக்காங்க சார்."

"அண்ணி இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. அது அவங்க வேலை."

அவன் சொன்னான். எத்தனை நாளாக, எவ்வளவு, யார் கொடுத்தது, எல்லாம் சொன்னான். நான் எச்சில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உறிஞ்ச அங்கே எச்சிலே இல்லை.

டாக்டர் அன்று பல்லைத் தொடவில்லை. சீழுக்கு மருந்து கொடுத்து, முழிப்பு மாத்திரை போடாமல் முழுசாக ஒரு நாள் இருந்துவிட்டு வரச் சொன்னார். வந்தான். கடைவாய்ப்பல் போனது. பிறகு டாக்டர் கண்ணாடியைக் கொடுத்து முன்பல்லைக் காட்டினார். ஓரம் தேய்ந்து, ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. கடைவாய்ப்பல் போனதற்குக் கவலைப்படாதவன் அந்த விரிசலைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனான்.

"சார், இந்த ரெண்டும் போச்சின்னா நான் போயிட்டேன் சார்."

"போகாம பாத்துக்கலாம். மாத்திரைய நிறுத்தினா ரொம்ப நல்லது. அதுக்குன்னு டாக்டருங்க இருக்காங்க, பேரு தரேன்."

"அது பாக்கலாம் சார். பல்லுக்கு சொல்லுங்க."

டாக்டர் கோபப்படவில்லை. எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. அவர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னமோ கல்யாண வேலை பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். கலரை விடுங்கள், வாய் காய்ந்தால் வெறும் தண்ணீரை அடிக்கடி குடியுங்கள். மெல்ல வேண்டும் போல இருந்தால் சர்க்கரை இல்லாத கம் மெல்லுங்கள், எச்சில் ஊறும். மாத்திரை போட்ட நாளில் சாப்பாட்டையும் பல் விளக்குவதையும் மறந்துவிடுவீர்கள், அன்றைக்குத்தான் மறக்கக் கூடாது. மெத்தென்ற பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். துப்பிவிட்டு வாயைத் தண்ணீர் விட்டு அலசாதீர்கள், பேஸ்ட் கொஞ்ச நேரம் பல்லில் தங்கட்டும். வாந்தி எடுத்தால் உடனே பிரஷ் போடாதீர்கள், கொப்பளித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தேயுங்கள். பல் இடுக்கை நூல் விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

அவன் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "இன்னா சார் இது? விஷத்த தின்னுறவனுக்கு வாய் கொப்பளிக்கச் சொல்லித் தரீங்க? நிறுத்துடான்னு ஒரு அறை விடாம?"

"நிறுத்தச் சொல்லிட்டேன் ஹேமாக்கா. நான் சொன்னதும் நிறுத்திடுவாரா?"

"மாட்டான்."

"அப்ப நிறுத்துற வரைக்கும் பல்லு இருக்கட்டும். திட்டி அனுப்பினா இங்க வரமாட்டார். வரலன்னா நமக்கு ஒண்ணுமே தெரியாது."

எனக்கு இது பிடிக்கவில்லை. இன்றும் முழுசாகப் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று டாக்டர் கொடுத்த வாக்கையும் மீறி வீட்டுக்குப் போய் பானுப்ரியாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழுதுகொண்டே கேட்டது, "அக்கா, இனிமே டாக்டர்கிட்ட வருவாரா?" என்பதுதான்.

வந்தான். வராமல் என்ன? பச்சையப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மாத்திரையை எப்படி மனம் வைத்துத் தின்றானோ அப்படியே பல்லையும் காக்க ஆரம்பித்தான். அடுத்த வாரமே வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றான். ஈறெல்லாம் கிழிந்து ரத்தம். டாக்டர் விளக்கைத் திருப்பினார். பல் இடுக்கில் என்னமோ மினுமினுத்தது.

"என்ன நூல் விட்டீங்க?"

"ஜரிக சார்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நூல் என்றால் ஆரணியில் பிறந்தவனுக்குக் கடைக்குப் போய் வாங்கும் பொருளா? வீட்டில் வண்டி வண்டியாகக் கிடக்கிறது. முதலில் பட்டு நூலை விட்டுப் பார்த்திருக்கிறான். சாயம் ஏறிப் பல் இடுக்கெல்லாம் அரக்குச் சிவப்பாகிவிட்டது. அது சரிப்படாது என்று, வெள்ளி கலந்தது உடம்புக்கு நல்லதுதானே என்று ஜரிகைக்குப் போயிருக்கிறான். கம்பி மாதிரி அறுத்துவிட்டது.

"ஏன்டா, பல்லுக்கு பார்டர் போட்டியே, முந்தானை போடல?" என்று கேட்டேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு சின்ன டப்பாவில் இருந்த பல் நூலைக் கொடுத்து, எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டினார். அவன் அதை விரலில் உருட்டிப் பார்த்தான். வீட்டுக்குப் போகிற வழியில் ரோட்டில் நின்று இன்னொரு தடவை உருட்டிப் பார்த்தானாம்.

அதற்கப்புறம் அவன் அட்டகாசம் தாங்க முடியவில்லை. தறி வீட்டில் டீ கொடுத்தால் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றான். அந்த வீட்டுப் பெண்கள், எங்கள் வீட்டு டீக்கு என்ன குறை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தெருவில் பிள்ளைகள் கையில் மிட்டாயைப் பார்த்தால் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னான். தசரதனைப் பிடித்து வைத்துப் பாடம் நடத்தினான். "ஏ, போடறத போட்டுக்கோ. ஆனா கலரு குடிக்காத. தண்ணி குடி. ராவுல வண்டிய ஓரங்கட்டி பல்லு வெளக்கு. வெளக்கிட்டு அலசாத" என்று அவனுக்கு ஒரு பேஸ்ட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். மாத்திரையைக் கைமாற்றும் இடத்தில் நின்று இரண்டு பேர் பல் சுகாதாரம் பேசிக்கொண்டிருந்த ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். தசரதனின் பெண்டாட்டி என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "உங்க கொழுந்தனாரு ரொம்ப நல்லவருங்க, எங்க வீட்டுக்காரரு இப்பல்லாம் சுத்தமா இருக்காரு" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

ஆடி மாதம் பானுப்ரியா என்னையும் கூட்டிக்கொண்டு படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். கண் நோய்க்குக் கண்மலர் வைக்கிறார்களே, அது மாதிரி பல்லுக்குத் தகடு இருக்கிறதா என்று கடைகடையாகக் கேட்டோம். கடைக்காரர், "பல்லுக்கு தனியா வரதில்லம்மா, மூஞ்சி இருக்குது, மொத்தமா எடுத்துக்கங்க" என்றார். மொத்தமாகவே எடுத்துக்கொண்டோம். அம்மனிடம் கூட நாங்கள் பல் என்றுதான் சொன்னோம்.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டர் விரிசலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சொத்தை பரவவில்லை, ஈறு நன்றாக இருக்கிறது, ஆனால் பல் கடிப்பு நிற்கவில்லை. மாத்திரை உடம்பில் இருக்கும் வரை தாடை தானாகக் கடிக்கும், முழித்திருக்கும்போதும் கடிக்கும். அச்சு எடுத்து மேல்பல்லுக்கு ஒரு கண்ணாடி போன்ற உறை செய்து கொடுத்தார். பல்லுக்குக் காவல் என்பதால் நாங்கள் அதைக் கார்டு என்போம். மாத்திரை போட்ட நேரமெல்லாம் இதைப் போட்டுக்கொண்டிருங்கள், இல்லாவிட்டால் விரிசல் மேலே ஓடிப் பல் இரண்டாகப் பிளந்துவிடும் என்றார்.

பச்சையப்பன் கார்டைப் போட்டுக்கொண்டு வேணுகோபால் வீட்டுக்குப் பாவு பிணைக்கப் போனான். கொத்தைக் கவ்வினான். பட்டு வழுக்கும், அந்த உறையும் வழுக்கும். இழை நிற்கவில்லை. கவ்வக் கவ்வ வாயிலிருந்து சரிந்தது. அரை நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் ஒரு முன்பல்லின் மூலை பெயர்ந்து வந்துவிட்டது. அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். அவன் அப்பா செத்தபோது அழாதவன்.

டாக்டர் பூசிச் சரி செய்தார். "இது ஒட்டு வேலைதான் பச்சையப்பன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரெண்டையும் எடுக்க வேண்டி வரும்."

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது நின்று, தனக்குத்தானே கணக்குப் போடுகிறவன் போலச் சொன்னான்.

"அண்ணி, மாத்திர போட்டா கார்டு போடணும். கார்டு போட்டா இழ நிக்க மாட்டேங்குது. இழ நிக்கலன்னா வேல நடக்கல. வேலைக்கித்தான் நான் மாத்திரயே போடறேன்."

"அட, கணக்குல பெயிலானவனா பேசறது?"

"பேஜாரு பண்ணாதீங்க அண்ணி. உட்டுடறேன்."

பெண்டாட்டி அழுதாள், விடவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன், விடவில்லை. அம்மனுக்கு மொத்த மூஞ்சியையே வைத்தோம், விடவில்லை. இரண்டு பல்லுக்காக விடுகிறேன் என்றான். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. பானுப்ரியாவுக்கு அவமானமெல்லாம் இல்லை. எதற்காக விட்டால் என்ன அக்கா என்றாள்.

டாக்டர், முன்பு சொன்ன அந்த இன்னொரு டாக்டருக்குப் போன் போட்டுப் பேசச் செய்தார். அவரும் இவரும் சேர்ந்து ஒரே விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நிறுத்தினால் முதல் சில நாள் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும், பசிக்கும், மனசு சோர்ந்து கிடக்கும். தூங்க விடுங்கள், பக்கத்தில் ஆள் இருங்கள், அந்த நாட்களில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் தலையாட்டினோம். அவனும் ஆட்டினான். மறுநாள் வேணுகோபால் போன் செய்தார். கல்யாணச் சேலை, ஜல்தியாக வேண்டும், நீ வந்தால்தான் ஆகும் என்றார். முடியாது என்று சொல்ல இவனுக்கு என்றைக்கு வாய் வந்தது? பானுப்ரியா துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில் கிளம்பிப் போய்விட்டான். மாத்திரை இல்லாமல், கார்டும் இல்லாமல், தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி எனக்குப் போன் வந்தது. "உன் கொழுந்தன் தறியாண்ட உழுந்துட்டாம்மா. ஓடியா" என்றார் வேணுகோபால். டாக்டரிடம் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றக்கூட மறந்து ஆட்டோவில் ஏறினேன். என்னென்னமோ நினைத்துக்கொண்டே போனேன். படவேட்டுக் கடைக்காரன் கொடுத்த அந்தத் தகட்டு முகம் வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

வேணுகோபால் வீட்டில் தறிக்கூடம் வெக்கையாக இருந்தது. பட்டு இழை காற்றில் பறந்து சிக்கிக்கொள்ளும் என்பதால் பாவு பிணைக்கும்போது எந்தத் தறி வீட்டிலும் மின்விசிறி போட மாட்டார்கள். ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார்கள். பச்சையப்பன் பாவின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தான். பானுப்ரியா எனக்கு முன்னாலேயே வந்து, அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள். குனிந்து மூச்சைப் பார்த்தேன். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிதானமாக ஓடியது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்துகிடந்தது. பாதி பிணைத்த பாவும் பிணைக்காத இழையும், அவன் வாயிலிருந்து விழுந்த கொத்தோடு சேர்ந்து மார் மேல் சரிந்து கிடந்தன. கூர்ந்து பார்த்தால் ஒழுங்கு இன்னும் கலையவில்லை. ஆள் நிதானமாக எழுந்தால் எடுத்துவிடலாம்.

"தூங்கறானா?" என்றார் வேணுகோபால். பயம் போனதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூஞ்சில தண்ணிய அடிம்மா. இழ சிக்காம அவனேதான் எடுக்கணும். வேற எவனுக்கும் அவன் போட்ட வரிச தெரியாது. எழுப்பு."

பானுப்ரியா அவன் தலையை மடியில் இன்னும் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எம்மா, உன்னத்தான். கல்யாண வீட்டுக்காரனுக்கு நான் இன்னா பதில் சொல்றது? இவன் இன்னிக்கு முடிக்கலன்னா இனிமே இந்த வீட்டுப்படி ஏற வேணாம். நான் மட்டும் இல்ல, எல்லாத் தறிக்காரனுக்கும் சொல்லிடுவேன்."

சொல்லக்கூடியவர்தான். மெதுவாக எழுப்பலாம், முடித்துவிட்டு வந்து தூங்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பல்லை இத்தனை நாள் காப்பாற்றினது எதற்கு? இந்த வேலைக்காகத்தானே.

பானுப்ரியா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நானும் எண்ணிகினே வரேங்க. இந்த ரெண்டு வருஷமா இவரு வாயத் தெறந்து தூங்கி நான் பாக்கல. நான் எழுப்ப மாட்டேன். வேலை போனா போவட்டும், நான் ராப்பகலா ரவிக்கை தெச்சி சோறு போடறேன்."

வேணுகோபால் திறந்துகிடந்த அவன் வாயையே பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க? முன்பல்லு ரெண்டும் இருக்குது" என்றாள்.

பிறகு முந்தானையால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஃபேன போடுங்க."

நான் வேணுகோபாலைப் பார்க்கவில்லை. சுவரோரம் போய் சுவிட்சைத் தட்டி, வேகத்தை முழுசாகத் திருப்பி வைத்தேன். மார் மேல் கிடந்த இழைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பித் தறி, சுவர், எங்கள் தலை எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொண்டன. வேணுகோபால் ஐயையோ என்று தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பச்சையப்பன் காற்று பட்ட பக்கமாகப் புரண்டு படுத்தான்.